வைஃபை அடாப்டரில் டிஎக்ஸ் பவரை 30க்கு ஏற்றினேன், வேகம் குறைந்துவிட்டது

கடைசி_அறை:

எல்லாருக்கும் வணக்கம். ரூட்டர் வீட்டின் ஒரு மூலையில், நான் உட்காருவது மறு மூலையில், நடுவில் மூன்று சுவர். லேப்டாப்பில் உள்ளேயே இருக்கும் கார்டு அங்கே திணறியதால், அட்டைப்பெட்டியில் 'ஹை பவர்' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். கழற்றி மாட்டும் ஆன்டெனா இரண்டு இருக்கிறது. இயங்குதளம் லினக்ஸ். செருகியதும் டிஎக்ஸ் பவர் (அடாப்டர் அனுப்பும் சிக்னலின் பலம்) 20 டிபிஎம் (அந்தப் பலத்தின் அலகு) என்று காட்டியது. எந்த நாட்டு விதிப்படி இயங்க வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டை மாற்றினால் 30 வரை போகலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்து அப்படியே செய்தேன், 30 என்று காட்டியது, எனக்கும் ஒரே சந்தோஷம்.

சந்தோஷம் அரை மணி நேரம்தான். சிக்னல் கோடு ஒன்றுகூட ஏறவில்லை, மைனஸ் 78 டிபிஎம் என்று இருந்தது (பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அப்படியே மைனஸ் 78. அப்லோடு முன்பைவிட மோசம். பெரிய ஃபைல் ஏதாவது அனுப்பினால் பத்து நிமிடத்தில் அடாப்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, அப்புறம் தானே துண்டித்துக்கொண்டு தானே திரும்ப வருகிறது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவைப் பார்த்தால் யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று வரிசையாக நிற்கிறது. பயந்துபோய்ப் பழையபடி வைத்துவிடலாம் என்று வைஃபையை அமைக்கும் ஐடபிள்யூ கட்டளையில் 'ஃபிக்ஸ்டு 20' கொடுத்தேன், இணைப்பே போய்விட்டது. இது என்ன கூத்து என்று புரியவில்லை. கார்டு கெடாமல் எவ்வளவு வரை வைக்கலாம்? பாதுகாப்பான எண் என்று ஒன்று இருக்கிறதா?

பழைய_ரேடியோ:

முதல் வேலையாக நாட்டுக் குறியீட்டை நீங்கள் இருக்கும் நாட்டுக்கே திருப்பி வையுங்கள். ஏன் என்பதைக் கர்னல் பக்கம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், நான் ரேடியோ பக்கத்தைச் சொல்கிறேன்.

சிக்னல் கோடு ஏறவில்லை என்கிறீர்கள். ஏறாது. ரூட்டர் பேசுவது உங்கள் காதில் எவ்வளவு விழுகிறது என்பதைத்தான் அந்தக் கோடு காட்டுகிறது. நீங்கள் ஏற்றியது உங்கள் குரலை. நீங்கள் தொண்டை கிழியக் கத்தினால் எதிரே இருப்பவர் பேசுவது உங்களுக்குப் பெரிதாகக் கேட்காதல்லவா, அதுதான் இங்கே நடந்திருக்கிறது. மைனஸ் 78 என்பது ரூட்டரிலிருந்து உங்களுக்கு வரும் பாதையின் குறை, அதை உங்கள் டிஎக்ஸ் பவரால் சரி செய்யவே முடியாது.

இணைப்பு போனதற்குக் காரணம் வேறு. ஐடபிள்யூ கட்டளை டிபிஎம் கணக்கில் கேட்பதில்லை, அதன் நூறில் ஒரு பங்கான எம்பிஎம் கணக்கில் கேட்கிறது. 20 டிபிஎம் வேண்டுமென்றால் 2000 என்று கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த 20 என்பது 0.2 டிபிஎம், கிட்டத்தட்ட ஒரே ஒரு மில்லிவாட், அது மூன்று சுவரைத் தாண்டி என்ன பேசும் பாவம். பழைய ஐடபிள்யூகான்ஃபிக் கட்டளை நேராக டிபிஎம்மிலேயே வாங்கிக்கொள்ளும், அதில் பழகிய கைகள் எல்லாம் ஒருமுறையாவது இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கும். நானும் விழுந்திருக்கிறேன்.

டிபிஎம் மடக்கைக் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். 0 என்றால் 1 மில்லிவாட், 10 என்றால் 10, 20 என்றால் 100, 30 என்றால் 1000, அதாவது முழுசாக ஒரு வாட். மூன்று ஏறினாலே இரட்டிப்பு. 20லிருந்து 30க்குப் பத்துதானே என்று தோன்றும், கார்டிடம் நீங்கள் கேட்டது பத்து மடங்கு.

அந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், மொத்தம் 2.5 வாட். வைஃபை பவர் ஆம்பிளிஃபயர் வாங்கும் மின்சாரத்தில் கால் பங்கை ரேடியோவாக்கினாலே பெரிய விஷயம், மிச்சமெல்லாம் சூடு. ஒரு வாட் வெளியே போக வேண்டுமென்றால் அனுப்பும் அந்தக் கணத்தில் நான்கு வாட்டுக்கு மேல் உறிஞ்ச வேண்டும், போர்ட்டில் அவ்வளவு இல்லை. மின்னழுத்தம் சரியும், சிப் மயங்கி விழும், கர்னல் டிஸ்கனெக்ட் என்று எழுதும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுதான், கார்டு செத்துவிட்டது என்று இப்போதே பயப்பட வேண்டாம். ஆனால் நாள் கணக்கில் இப்படி ஓட்டினால் ஆம்பிளிஃபயர் மெல்ல மெல்ல வெந்துதான் போகும்.

இனி வேகம் குறைந்த கதை. வைஃபை சிக்னல் சீரான உயரத்தில் போவதில்லை, சராசரியைவிடப் பல மடங்கு உயரும் முகடுகள் அதில் அடிக்கடி வரும். ஆம்பிளிஃபயரை அதன் எல்லையில் ஓட்டினால் அந்த முகடுகள் மொட்டையாகும். தகவலைச் சிக்னலில் ஏற்றும் 64 க்யூஏஎம், 256 க்யூஏஎம் மாதிரி வேகமான முறைகளில் தகவலைக் குறிக்கும் புள்ளிகள் நெருக்கி நெருக்கி உட்கார்ந்திருக்கும், சிக்னல் கொஞ்சம் கலைந்தாலே எது எந்தப் புள்ளி என்று ரூட்டருக்குத் தெரியாது. திரும்ப அனுப்பச் சொல்லும், அதுவும் தேறவில்லையென்றால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பவரை ஏற்றி வேகத்தை இறக்கிய பெருமை இப்படித்தான் கிடைக்கிறது. நல்ல விவரத்தாள் எதை எடுத்துப் பார்த்தாலும், மெதுவான முறைக்கு ஒரு பவரும் வேகமான முறைக்கு அதைவிட 3, 4 டிபி (டிபிஎம்மில் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவு) குறைவாகவும்தான் போட்டிருப்பார்கள்.

ஆகவே எல்லாருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. சட்ட எல்லை ஒன்று, கார்டு தாங்கும் எல்லை ஒன்று, இரண்டில் எது சிறியதோ அதற்குக் கீழே, வேகம் குறையாத இடத்தில் வையுங்கள்.

கர்னல்_கிறுக்கன்:

நாட்டுக் குறியீடு பற்றி. லினக்ஸில் மூன்று பேர் உட்கார்ந்து பேசித்தான் பவரை முடிவு செய்கிறார்கள். ஒருவர் ஒழுங்குமுறைத் தரவுத்தளம், எந்த நாட்டில் எந்த அலைவரிசையில் எவ்வளவு என்று அதில் இருக்கும், கர்னல் 4.15க்குப் பிறகு அதைக் கையெழுத்துச் சரிபார்த்துக் கர்னலே நேராகப் படிக்கிறது. இரண்டாமவர் கார்டின் உள் நினைவகம், தொழிற்சாலையில் ஒவ்வொரு சேனலாக அளந்து எழுதிய அட்டவணை. மூன்றாமவர் நீங்கள். மூவர் சொல்வதிலும் சிறியது எதுவோ அதுதான் நடக்கும், நடக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் சில யூஎஸ்பி அடாப்டர்களின் டிரைவர் (அடாப்டரை இயக்கும் மென்பொருள்), அதிலும் கர்னலுக்கு வெளியே தனியாக இறக்கி நிறுவும் வகை, அந்த இரண்டாமவரைச் சட்டை செய்வதே இல்லை. நீங்கள் 30 என்றால் அதுவும் 30 என்று திரையில் எழுதிவிடும். அது வெறும் வேண்டுகோள், யாரும் அளந்து பார்த்த எண் இல்லை. வேறு சில டிரைவர்கள் எதைக் கொடுத்தாலும் ஒரே எண்ணையே காட்டும். ஆகவே ஐடபிள்யூ சொல்லும் டிஎக்ஸ்பவரை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மாறாக லேப்டாப்புக்குள் வரும் சில கார்டுகள் ஒழுங்குமுறையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், அங்கே நீங்கள் நாட்டை மாற்றினாலும் கார்டு தன் பாட்டில் இருக்கும்.

வேறு நாட்டைப் போடுவதில் பவர் மட்டும் மாறுவதில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாதது. எந்தெந்த சேனல் திறந்திருக்கிறது, எதில் ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், எதில் தானாக முதலில் பேசவே கூடாது என்பதெல்லாம் அந்தக் குறியீட்டோடுதான் வருகிறது. 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை பல இடங்களில் வானிலை ரேடார் வேலை செய்கிறது. தவறான நாட்டைப் போட்டு அந்த அடாப்டரையே ஹாட்ஸ்பாட் ஆக்கினால், ரேடாரின் காதில் போய் ஊளையிட்ட மாதிரி ஆகும். சில இடங்களில் அதற்கு அபராதமே உண்டு.

ஐடபிள்யூவில் 'ரெக் கெட்' கொடுத்துப் பாருங்கள். 00 என்று வந்தால் அது உலகப் பொது அமைப்பு, எல்லா இடத்துக்கும் பொருந்தும்படி இறுக்கமாக இருக்கும், உங்கள் நாட்டைச் சரியாகச் சொன்னாலே சில சேனல்களில் சில டிபி கூடக் கிடைக்கலாம். இந்த ஏற்றத்துக்கு யாரிடமும் பயப்பட வேண்டாம். அப்புறம் 'ஐடபிள்யூ லிஸ்ட்' கொடுத்தால் ஒவ்வொரு சேனலுக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் அதன் உச்ச டிபிஎம் இருக்கும், அதற்கு மேல் கேட்பதில் அர்த்தமில்லை.

சும்மா_எட்டிப்பார்த்தேன்:

எல்லாரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நான் மூன்று வருடமாக 30இல்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் வெடிக்கவில்லை. யாரும் வந்து கதவைத் தட்டவும் இல்லை.

பழைய_ரேடியோ:

உங்கள் அடாப்டர் 30 என்று எழுதிவிட்டு உள்ளே 18இல் ஓடிக்கொண்டிருக்கலாம், அப்படியானால் வெடிக்க ஒன்றுமில்லை. உண்மையிலேயே 30இல் ஓடுகிறது என்றால் மொட்டையான முகடுகள் உங்கள் சேனலோடு நிற்காமல் பக்கத்துச் சேனல்களிலும் வழியும். அக்கம்பக்கத்தில் 'இன்றைக்கு நெட் ஏன் இப்படி இருக்கிறது' என்று யாராவது ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் கதவு எது என்று தெரியாது, அதனால் தட்டவில்லை.

கடைசி_அறை:

ரொம்ப நன்றி, பழைய ரேடியோ சார், கர்னல் கிறுக்கன். குறியீட்டைத் திருப்பிவிட்டேன், இப்போது 20க்கு மேல் போகவில்லை. எம்பிஎம் விஷயம் தெரிந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. இன்னொரு சந்தேகம். பவரை ஏற்ற முடியாது என்றால் பெரிய ஆன்டெனா போட்டுக்கொள்ளலாமா? 9 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு) என்று ஒன்று பார்த்தேன். இதற்கிடையில் எந்த ஆன்டெனா வேலை செய்கிறது என்று பார்க்க இரண்டையும் மாறி மாறிக் கழற்றிச் சோதித்தேன், இரண்டும் வேலை செய்கிறது.

பழைய_ரேடியோ:

ஐயோ, இணைப்பு ஓடும்போது கழற்றாதீர்கள். ஆன்டெனா இல்லாத வாயில் பவரை அனுப்பினால் போக இடமில்லாமல் அது திரும்பி ஆம்பிளிஃபயர் மேலேயே வந்து மோதும். குறைந்த பவரில் பெரும்பாலும் தாங்கிவிடும், நீங்கள் 30இல் வைத்திருந்தபோது கழற்றியிருந்தால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முதலில் அடாப்டரை வெளியே எடுங்கள், அப்புறம் ஆன்டெனாவைத் தொடுங்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டைத் திறப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, அங்கே இருக்கும் குண்டூசித் தலை மாதிரியான யூ.எஃப்.எல் இணைப்பி சுமார் 30 தடவை போட்டுக் கழற்றத்தான் செய்யப்பட்டது, விளையாட்டுக்குப் பிடுங்கினால் தளர்ந்துவிடும்.

9 டிபிஐ கேள்விக்கு வருகிறேன். சட்டம் பல இடங்களில் கார்டைப் பார்ப்பதில்லை, ஆன்டெனாவுக்கு வெளியே ஒரு திசையில் எவ்வளவு பாய்கிறது என்பதைப் பார்க்கிறது. கார்டின் டிபிஎம்மோடு ஆன்டெனாவின் டிபிஐயைக் கூட்டி, வயரில் வீணாவதைக் கழித்தால் அந்த எண் வரும், ஈஐஆர்பி என்பார்கள். ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 20ஐத் தாண்டக்கூடாது. அமெரிக்காவில் கார்டுக்கு 30, 6 டிபிஐ ஆன்டெனாவோடு சேர்த்து 36 வரை விடுகிறார்கள். ஆக 20 மட்டுமே அனுமதி உள்ள இடத்தில் 9 டிபிஐ ஆன்டெனா மாட்டினால் கார்டை 11க்கு இறக்க வேண்டும். மென்பொருளுக்கு நீங்கள் ஆன்டெனா மாற்றியது தெரியாது, அது பாட்டுக்கு 20 என்று போய்க்கொண்டிருக்கும், கழிப்பது உங்கள் பொறுப்பு. கார்டில் இரண்டு ஆன்டெனா இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு, ஒவ்வொன்றிலும் 17 போனால் மொத்தம் 20.

பவரை இறக்கிவிட்டால் ஆன்டெனாவால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆன்டெனா இரண்டு பக்கமும் வேலை செய்யும். நீங்கள் அனுப்புவதில் கூடியதைக் கார்டில் கழித்துவிட்டாலும், ரூட்டரிடமிருந்து வருவது அவ்வளவு டிபி கூடுதலாகக் கேட்கும். உங்கள் மைனஸ் 78க்கு மருந்து அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் 9 டிபிஐ என்பது சக்தியை உற்பத்தி செய்வதில்லை, பந்து மாதிரி இருப்பதைத் தோசை மாதிரி தட்டையாக்குகிறது. ரூட்டர் அதே தளத்தில் இருந்தால் நல்லது, மேல்தளத்தில் இருந்தால் முன்பைவிட மோசமாகலாம்.

நானாக இருந்தால் ஆன்டெனா வாங்கும் முன் ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் எடுத்து அடாப்டரை லேப்டாப்பின் முதுகிலிருந்து விலக்கி உயரமான இடத்தில் வைத்துப் பார்ப்பேன். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும், அடாப்டர் அதற்குப் பக்கத்திலேயே இருந்தால் காதில் பஞ்சு வைத்த மாதிரிதான். வயர் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் மின்னழுத்தம் சரியும், ஒரு மீட்டருக்குள் கொஞ்சம் தடிமனாகப் பாருங்கள்.

வெயில்காலம்:

குறுக்கே ஒரு கேள்வி. என் மேசையில் அடாப்டர் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. உடம்புக்கு ஏதாவது?

கர்னல்_கிறுக்கன்:

ஒரு சாண் என்றால் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆரத்தில் ஒரு கோளம் வரைந்தால் அதன் பரப்பு சுமார் அரை சதுர மீட்டர். 100 மில்லிவாட்டை அதில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.2 வாட். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஎன்ஐஆர்பி பொதுமக்களுக்கு இந்த அலைவரிசையில் வைத்திருக்கும் எல்லை சதுர மீட்டருக்கு 10 வாட், அதாவது ஐம்பது மடங்கு இடைவெளி இருக்கிறது. அதுவும் அடாப்டர் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால்தான், சாதாரணமாக அப்படி நடப்பதில்லை. இதே இடத்தில் ஒரு வாட், 5 டிபிஐ ஆன்டெனா என்று போட்டுப் பாருங்கள், தோராயமாக 6 வாட்டைத் தாண்டும். எல்லைக்குள்தான், ஆனால் ஐம்பது மடங்கு இடைவெளி இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒன்றுக்கு 20 டிபிஎம் போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி_அறை:

சொன்னபடி செய்தேன், முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீட்டிப்பு வயர் போட்டு அடாப்டரை அலமாரி மேல் வைத்தேன், பவரைத் தொடாமலே மைனஸ் 78 மைனஸ் 66 ஆகிவிட்டது! வயர் ஒரு மீட்டர்தான். இவ்வளவு நாள் எதற்காக 30, 30 என்று அலைந்தேன் என்று இருக்கிறது.

அப்புறம் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை வைத்து அப்லோடை மட்டும் அளந்தேன். 2000இலிருந்து தொடங்கி 200, 200 ஆகக் குறைத்து, ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை ஓட்டினேன். 20க்கும் 18க்கும் வித்தியாசமே இல்லை. 16இல் லேசாகக் கூடிய மாதிரி இருந்தது, திரும்ப அனுப்ப வேண்டியிருந்த தடவைகளின் எண்ணிக்கை குறைந்தது மட்டும் நிச்சயம் (ஐடபிள்யூவில் 'ஸ்டேஷன் டம்ப்' கொடுத்துப் பார்த்தேன்). 14இலும் பரவாயில்லை, 12இல் வேகம் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று 16இலேயே நிறுத்தி 1600 என்று வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஃபைல் அனுப்பியும் வெதுவெதுப்புதான், ஒரு டிஸ்கனெக்ட்கூட இல்லை. ஒரே ஒரு தொல்லை, மறுதொடக்கம் செய்தால் திரும்ப 20க்குப் போய்விடுகிறது.

கர்னல்_கிறுக்கன்:

கட்டளை கொடுத்து வைப்பது நிற்காது, சில டிரைவர்களில் இணைப்பு விட்டு வந்தாலே போய்விடும். நெட்வொர்க்மேனேஜர் (இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) இருந்தால் அதன் டிஸ்பேச்சர் கோப்புறையில், இடைமுகம் (கணினி பார்வையில் அந்த வைஃபை கார்டு) எழும்போது அந்த ஒரு வரியை ஓட்டும் சிறு ஸ்கிரிப்ட் போடுங்கள், ரூட் (நிர்வாகி) உரிமையும் இயக்க அனுமதியும் மறக்க வேண்டாம். இடைமுகப் பெயரையும் பார்த்து எழுதுங்கள், யூஎஸ்பி அடாப்டருக்கும் உள் கார்டுக்கும் பெயர் வேறு, தவறான கார்டின் பவரைக் குறைத்துவிட்டு மாறவில்லையே என்று உட்கார்ந்திருக்கக்கூடாது. 'ஃபிக்ஸ்டு'க்குப் பதிலாக 'லிமிட்' என்றும் கொடுக்கலாம், உச்சம் மட்டும் கட்டுப்படும், டிரைவர் தேவைப்பட்டால் கீழே இறங்கிக்கொள்ளும். ஆனால் எல்லா டிரைவரும் அதை ஏற்பதில்லை.

வெயில்காலம்:

விண்டோஸில் இதெல்லாம் எங்கே இருக்கும்?

பழைய_ரேடியோ:

டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர், அதன் ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு தாவல். டிரான்ஸ்மிட் பவர் என்று சில கார்டுகளில் ஐந்து படி இருக்கும், வாங்கும்போது உச்சத்தில்தான் இருக்கும். டிபிஎம் எல்லாம் காட்டாது, ஒரு படி இறக்கி அப்லோடை அளந்து பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் உங்கள் டிரைவரில் அந்த வசதி தரவில்லை என்று அர்த்தம். பக்கத்திலேயே பவர் சேவிங் என்று இன்னொன்று இருக்கும், அது கார்டு எப்போது தூங்க வேண்டும் என்பதற்கு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.